நடுக்கடலில் கப்பலைப் போர்த்திய நூலாம்படை... சிலந்திகள் பறப்பது எப்படி?

கரையே கண்ணில் படாத இடம். சுற்றிலும் தண்ணீர்தான். அப்படிப்பட்ட இடத்தில் படகின் கயிறுகளிலும் கம்பிகளிலும் திடீரென வெள்ளை வெள்ளையாக நூலாம்படை தொங்கினால் எப்படி இருக்கும்? 'இது எங்கேயிருந்து வந்துச்சு?' என்றுதானே முதலில் தோன்றும்!

கிட்டத்தட்ட 200 வருஷங்களுக்கு முன்பு இதே கேள்வி சார்லஸ் டார்வினுக்கும் வந்தது. 1832 நவம்பர் 1-ம் தேதி, அவர் பயணித்த 'பீகிள்' கப்பல் தென் அமெரிக்காவின் லா பிளாட்டா முகத்துவாரத்துக்குள், கரையிலிருந்து சுமார் 60 மைல் தூரத்தில் இருந்தது. அன்று பாய்மரக் கயிறுகள் முழுக்க மெல்லிய வலை இழைகள் படிந்திருந்தன. பார்த்தால், ஆயிரக்கணக்கில் குட்டிச் சிலந்திகள்! நிறம் மங்கிய சிவப்பு. நீளம் ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குதான். கப்பலில் வந்து இறங்கும்போது ஒவ்வொன்றும் ஒற்றை இழையில் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறார் டார்வின். அப்போது அவருக்கு வயது 23.

இன்றைக்கும் இது நடக்கிறது. 2023 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வானத்திலிருந்து வெள்ளை இழைகள் மிதந்து வந்து விழ, மக்கள் கொஞ்சம் மிரண்டுதான் போனார்கள். அதுவும் சிலந்திகளின் வேலைதான் என்றார்கள் ஆய்வாளர்கள்.

இறக்கை இல்லாமல் எப்படிப் பறக்கிறது?

இதற்கு 'பலூனிங்' என்று பெயர். சிலந்தி முதலில் செடியின் நுனிக்கோ, வேலிக் கம்பியின் உச்சிக்கோ ஏறும். பிறகு கால்களை விறைப்பாக ஊன்றி, நுனிக்காலில் எம்பி நின்று, வயிற்றை மேலே தூக்கி இழைகளை விடும். இழை காற்றில் மிதக்க ஆரம்பித்ததும் பிடியை விட்டுவிடும். அவ்வளவுதான், பயணம் தொடங்கிவிட்டது!

ஜெர்மனியில் நண்டுச் சிலந்திகளை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஒரு சிலந்தி 50, 60 இழைகளை விடுகிறது. ஒவ்வொன்றும் சுமார் 3 மீட்டர் நீளம். தடிமனோ, நம் தலைமுடியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கிளம்புவதற்கு முன் முன்னங்காலைத் தூக்கிக் காற்றைச் சோதித்துப் பார்க்கும். காற்று பலமாக அடித்தால் கிளம்பாது. மெல்லிய காற்றுதான் அதற்குத் தோது.

மின்சாரமும் உதவுகிறது

காற்று மட்டும்தான் தூக்குகிறதா? டார்வின் காலத்திலேயே இது விவாதமாக இருந்தது. காரணம், காற்றே இல்லாததுபோல் தெரிந்த நாள்களிலும் சிலந்திகள் பறந்தன. வெளிவந்த இழைகள் ஒன்றோடொன்று சிக்காமல் விசிறிபோல விரிந்தன.

இதற்கு 2018-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எரிகா மோர்லி, டேனியல் ராபர்ட் ஆகியோர் விடை சொன்னார்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளில்கூட, தரையிலிருந்து ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுமார் 100 வோல்ட் அளவுக்கு மின்புலம் இருக்கிறது. காற்று புகாத பெட்டிக்குள் சிலந்திகளை விட்டு மின்புலத்தை உண்டாக்கியதும், அவை நுனிக்காலில் எம்பிப் பறக்கத் தயாராகின. மிதக்கும் சிலந்திகள் ஸ்விட்சைப் போட்டால் மேலே போயின. அணைத்தால் கீழே இறங்கின. சிலந்தியின் காலில் உள்ள நுண்ணிய முடிகள் மின்புலத்தில் அசைவதையும் கண்டுபிடித்தார்கள். ஆக, காற்று, மின்சாரம் ரெண்டுமே கை கொடுக்கின்றன.

ஏன் இந்த ரிஸ்க்?

ஒரே முட்டைப் பையிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வெளிவந்தால் சாப்பாட்டுக்கு எங்கே போகும்? அங்கேயே இருந்தால் கூடப் பிறந்ததே பிடித்துத் தின்றுவிடும். அதனால் கிளம்பியே ஆக வேண்டும். ஆனால், எங்கே இறங்குவது என்பது அதன் கையில் இல்லை. கடலுக்கு மேலே போய்விட்டால் பல சிலந்திகளுக்கு அதுவே கடைசிப் பயணம்.

ஆனாலும், தண்ணீரில் விழுந்த உடனே கதை முடிந்துவிடாது. 21 வகைச் சிலந்திகளை வைத்து நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. தண்ணீரில் இறங்கும் சிலந்தி, கால்களையோ வயிற்றையோ பாய்போலத் தூக்கிக் காற்றில் நகர்கிறது. நிற்க வேண்டுமென்றால் இழையை நங்கூரமாகப் போடுகிறது. தானே ஒரு குட்டிப் படகாக மாறிவிடுகிறது!

இந்த ரிஸ்க்குக்குப் பலனும் உண்டு. 1883 ஆகஸ்டில் வெடித்த இந்தோனேசியாவின் கிராக்கடோவா எரிமலை, அந்தத் தீவில் இருந்த உயிர்களைத் துடைத்துப்போட்டது. அடுத்த மே மாதம் அங்கே போன ஆய்வுக் குழுவின் கண்ணில் பட்ட ஒரே விலங்கு, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பொடிச் சிலந்தி! வயல்களுக்கும் இப்படிப் பறந்து வரும் சிலந்திகள், பயிரின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவுகின்றன. கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் இவையும் சேர்ந்தே சாகின்றன.

படகில் வந்தால் என்ன செய்வது?

பயப்பட வேண்டாம். இப்படி வருபவை பெரும்பாலும் மனிதத் தோலைக் கடித்துத் துளைக்க முடியாத அளவுக்குச் சின்னவை. வலை இழையிலும் விஷம் எதுவும் இல்லை. ஈரத்துணியால் துடைத்தாலே போய்விடும். மருந்து அடிக்கத் தேவையே இல்லை. காற்று மெதுவாக வீசினால் அவையே அடுத்த இழையை விட்டுக் கிளம்பிவிடும்.

இன்னொரு விஷயம். பீகிளில் இறங்கிய சிலந்திகளுக்கு அடங்காத தாகம் இருந்ததையும், நீர்த்துளிகளை அவை ஆவலாகக் குடித்ததையும் டார்வின் கவனித்திருக்கிறார். படகில் இப்படி விருந்தாளிகள் வந்தால், நசுக்குவதற்கு முன் பக்கத்தில் ரெண்டு சொட்டு நல்ல தண்ணீர் தெளித்துப் பாருங்களேன்!