வழுவும் விஞ்ஞானமும்

பிரெஞ்சுப் புரட்சி உலகுக்களித்த கொடைகளுள் மீற்றரும் ஒன்றாகும். வடமுனையிலிருந்து மத்திய கோடு வரையுள்ள தூரத்தின் கோடியில் ஒரு பங்கே அந்நீளம் என 1791இல் தீர்மானிக்கப்பட்டது. அதன்பொருட்டு, டன்கேர்க் முதல் பார்சலோனா வரையுள்ள நெடுங்கோட்டு வில்லை அளக்கும் பணி 1792இல் ஆரம்பமாயிற்று. வடபகுதி தெலாம்பரிடமும் தென்பகுதி மெசேனிடமும் ஒப்படைக்கப்பட்டன.

பார்சலோனாவில் மெசேன் இரு இடங்களில் நின்று அகலக்கோட்டைக் கணித்தார். பெறுபேறுகளுக்கிடையே ஏறத்தாழ மூன்று செக்கன் கோண வேறுபாடு தோன்றிற்று. அதனைத் தம் குற்றமெனக் கருதிய அவர் எவர்க்கும் உரையாது மறைத்தார். 1799இல் பிளாற்றினத்தாலான நியம மீற்றர்க் கோல் உருவாயிற்று. எனினும் மெசேன் அமைதியுறவில்லை. மீண்டும் அளக்கச் சென்ற அவர், 1804இல் ஸ்பெயினில் காய்ச்சலுற்று மாண்டார். அவர் மறைத்த முரண்பாட்டை அவர்தம் குறிப்பேடுகளிலே தெலாம்பர் பின்னர் கண்டார்.

1805இல் லெஜாந்தர் இழிவு வர்க்க முறையை வெளியிட்டார். அவதானங்கள் கணித்த பெறுமானங்களினின்று விலகும் அளவுகளை வர்க்கித்துக் கூட்டி, அக்கூட்டுத்தொகை இழிவாகுமாறு மாறிலியைத் தெரிதலே அம்முறையாகும். உதாரணமாக அவர் எடுத்தாண்டதும் அதே நெடுங்கோட்டு வில்லேயாம். அதனின்று புவியின் தட்டைத்தன்மையை மதிப்பிட்டார். தாம் 1795 முதல் இம்முறையைக் கையாண்டு வந்ததாகக் கவுஸ் 1809இல் உரிமை கோரினார்.

கருவி ஒரே திசையிற் பிழைப்பின் அவ்வழுவை இம்முறை களையாது. ஆயினும், முரண்படும் அவதானங்களுள் ஒன்றையேனும் ஒளித்தல் வேண்டா என்பதை அது நிலைநாட்டிற்று. மெசேனை வருத்திய வழு, அவருக்குப் பின் கணிதத்துக்குரிய பொருளாயிற்று.