கல்லில் எழுந்த பனைமரம்
துலூஸ் நகர் ஜக்கோபின் மடக் கோவிலின் வரலாறு

நற்கருணை ஆசீரின்போது நாம் முழந்தாளிட்டுப் பாடும் நற்கருணைக் கீதம், புனித தாமஸ் அக்குவினாஸ் இயற்றியது என்பது திருச்சபையின் மரபு. அப்புனிதரின் திருப்பண்டங்கள் பிரான்சு நாட்டின் தென்பகுதியிலுள்ள துலூஸ் நகரில், ஒரு பழைய துறவியர் மடத்தின் கோவிலில், பீடத்தின் அடியில் வைக்கப்பட்டுள்ளன. நமது பங்கு ஜூபிலி கொண்டாடும் இவ்வேளையில், அக்கோவில் எழுந்த கதையையும் தாழ்ந்த கதையையும் மீண்ட கதையையும் அறிவது நமக்கு நலம் பயக்கும்.

போதிக்கப் பிறந்த சபை

1215-ஆம் ஆண்டு புனித சாமிநாதர் சில தோழர்களுடன் துலூஸ் நகரில், நகரவாசி ஒருவர் அளித்த வீட்டில் குடியேறினார். காணும் பொருள் அனைத்தும் தீயதே எனக் கூறிய கத்தாரி என்னும் பதிதம் அப்பகுதியில் பரவியிருந்த காலம் அது. ஏழ்மையாய் வாழ்ந்து, நற்செய்தியைத் தெளிவாய்ப் போதிப்பதே அதற்கு மருந்து எனக் கண்டார் சாமிநாதர். மூன்றாம் ஹொனோரியுஸ் பாப்பரசர் 1216 டிசம்பர் 22-இல் இச்சபைக்கு அங்கீகாரம் அளித்தார். பாரீஸ் நகரில் இவர்களுடைய மடம் புனித சந்தியாகப்பர் பெயரால் விளங்கியதால், பிரான்சு மக்கள் இவர்களை ‘ஜக்கோபின்கள்’ என அழைத்தனர்.

ஒரே கோவில், இரு பகுதிகள்

துலூஸில் இவர்கள் 1230 அளவில் கட்டத் தொடங்கிய முதற்கோவில் மிக எளியது. செங்கற் சுவர், மரக்கூரை. நடுவே நீளவாக்கில் ஒரே வரிசைத் தூண்கள். மடத்தை ஒட்டிய பகுதி துறவியர் செபிக்க. மறுபகுதி மக்கள் மறையுரை கேட்க. நடுவில் பெரும்பாதையும் இருமருங்கும் சிறகுகளும் கொண்ட கோவில்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதுமையாய்த் தோன்றும். ஆனால் செபமும் போதனையுமே உயிரான சபைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எது?

மக்கள் பெருகினர்; கோவிலும் வளர்ந்தது. கிழக்கே நீட்டினர், பின்பு உயர்த்தினர், ஏறக்குறைய நூறாண்டுகள் கடந்து, 1335 அளவில் பணி நிறைவுற்றது. நீளம் சுமார் 80 மீட்டர். அகலம் 20 மீட்டர். வளைவுக் கூரையின் உயரம் 28 மீட்டர், அதாவது ஏறத்தாழ 92 அடி! கீழ்க்கோடியிலுள்ள கடைசித் தூணிலிருந்து 22 வளைவுகள் நாற்புறமும் விரிந்து கூரையைத் தாங்குகின்றன. ஓலை விரித்த பனைபோல் நிற்கும் அதனை மக்கள் ‘பனைமரம்’ என்றே அழைக்கின்றனர். எண்கோண மணிக்கூண்டு, சுற்றுத் தாழ்வாரத்துடன் கூடிய முற்றம், துறவியர் மன்று, உணவறை ஆகியனவும் எழுந்தன.

இங்கே ஒரு கேள்வி எழும். வளைவுக் கூரையைப் பாடகர் பகுதிக்கும் சக்ரிஸ்திக்கும் மேல் மட்டுமே அமைக்கலாம் எனச் சபையின் தொடக்ககாலச் சட்டம் விதித்திருந்ததே! ஏழைத் துறவியருக்கு இத்தனை உயரம் தகுமா? இக்கேள்வி கோவில் கட்டும் எந்தப் பங்கையும் விடாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: கூரை உயர்ந்தபோதும், மக்களுக்கென ஒதுக்கிய பாதியை அவர்கள் குறைக்கவில்லை.

குதிரை கட்டிய கோவில்

1274 மார்ச் 7-இல் இத்தாலியில் இறந்த புனித தாமஸின் திருப்பண்டங்களை ஐந்தாம் உர்பான் பாப்பரசர் இக்கோவிலுக்கு அளித்தார். அவை 1369 ஜனவரி 28-இல் துலூஸ் வந்து சேர்ந்தன. இன்று நாம் அவர் திருநாளை ஜனவரி 28-இல் கொண்டாடுவது அந்நாளையொட்டியே.

பிரெஞ்சுப் புரட்சியில் துறவியர் வெளியேற்றப்பட்டனர். திருப்பண்டங்கள் அதே நகரின் புனித செர்னின் பேராலயத்துக்குச் சென்றன. பின்னர் படையினர் மடத்தைப் பாசறையாக்கினர். கோவிலுக்குள் இடைத்தளம் போட்டு, மேலே வீரர்களும் கீழே குதிரைகளும் தங்கினர். தாழ்வாரத்தின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. எத்தனை தலைமுறைகள் திருப்பலி கண்ட இடம்! 92 அடி உயரமும் அதைக் காக்கவில்லை.

1865-இல் கோவில் நகராட்சியின் கைக்கு வந்தது. பழுதுபார்க்கும் பணி நூறாண்டுக்கும் மேல் நீடித்தது. இடிந்த தாழ்வாரம் மீண்டும் கட்டப்பட்டது. புனிதர் இறந்த 700-ஆம் ஆண்டான 1974-இல் திருப்பண்டங்கள் தம் பழைய இல்லம் திரும்பின.

நமக்கு ஒரு சொல்

அன்பு இறைமக்களே! சுவரும் தூணும் நின்றிருந்தும், செபமும் போதனையும் நீங்கியபோது அக்கோவில் தொழுவமாயிற்று. நம் முன்னோர் கைப்பிடி அரிசியும் நாட்கூலியும் சேர்த்து எழுப்பிய நமது ஆலயத்துக்கு வண்ணம் பூசி, விளக்கு ஏற்றி மகிழ்கிறோம். மகிழ்வது முறையே. ஆயினும் மறையுரையைக் கேட்கும் செவியும், ஏழைக்கு இடம் விடும் மனமும் நம்மிடம் இருந்தால்தான் இது கோவிலாய் நிலைக்கும். அடுத்த ஜூபிலியைக் காணப்போகும் நம் பிள்ளைகளுக்கு நாம் அவற்றையே விட்டுச் செல்வோமாக!