ஒற்றுமையும் பொறுப்புடைமையும்: கறுப்பின உரிமைப் போராட்டமும் ஹிப் ஹாப் பண்பாடும்

ஒடுக்கப்பட்ட மக்கள் எழுந்து நின்ற இடங்களிலெல்லாம் ஒற்றுமை என்னும் சொல்லே முதலில் ஒலித்திருக்கிறது. ஒன்றுபட்டவர்கள் தமக்குள் ஒருவர்க்கொருவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களா என்னும் வினாவோ பெரும்பாலும் பிற்பாடுதான் எழுகிறது. எழும்போதும் அதனை வரவேற்பவர் சிலரே. இவ்வுரையில் அவ்விரண்டாம் வினாவையே நாம் முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும், அம்மக்களிடையே பிறந்து உலகெங்கும் பரவிய ஹிப் ஹாப் பண்பாடும் அதற்கு நாம் தேர்ந்த களங்கள். தம் செயலுக்கும், தம் கையிலுள்ள பணத்துக்கும் அதிகாரத்துக்கும் உரியவர்முன் பதில் சொல்லும் கடப்பாட்டையே இங்குப் பொறுப்புடைமை என்கிறோம்.

இத்தேர்வுக்குக் காரணம் உண்டு. நம் மாணவர்கள் ராப் இசையை நன்கறிவர். மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவினருடன் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு தமிழ்ச் சொல்லிசைக்குப் பரந்த கவனத்தைப் பெற்றுத் தந்தது. ஒரு கலையின் ஓசையும் உடையும் விரைவில் கடல் கடந்து வந்துவிடுகின்றன. அதன் பிறந்தகத்தில் நடந்த விவாதங்கள் அவ்வளவு எளிதில் வருவதில்லை. அவ்விவாதங்களை அறியாமல் அக்கலையின் வரலாற்றை நாம் கற்பிக்கவோ கற்கவோ இயலாது.

தயக்கத்தின் காரணம்

கறுப்பின இயக்கங்களுக்குள் கேள்வி கேட்பதற்கு இருந்த தயக்கத்தைக் கோழைத்தனம் என்று நாம் கருதிவிடலாகாது. அத்தயக்கத்துக்கு வலுவான காரணம் இருந்தது. அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ., 1956இல் கொயின்டெல்ப்ரோ என்னும் மறைமுகத் திட்டத்தைத் தொடங்கியது. 1967 முதல் அதனைக் கறுப்பின இயக்கங்கள்மீதும் முறையாக ஏவியது. போலிக் கடிதங்களை எழுதித் தலைவர்களுக்கிடையே ஐயத்தை விதைப்பதும், ஓர் அமைப்பை மற்றோர் அமைப்பின்மீது தூண்டிவிடுவதும் அதன் வழிமுறைகளுள் அடங்கும். 1971இல் பென்சில்வேனியா மாநிலத்தின் மீடியா நகரிலிருந்த எஃப்.பி.ஐ. அலுவலகத்திலிருந்து குடிமக்கள் சிலர் ஆவணங்களைக் கைப்பற்றி வெளியிட்ட பின்னரே இத்திட்டம் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. உள்ளிருந்து எழும் ஒவ்வொரு குறையும் பகைவன் கையில் ஆயுதமாகும் என்று அஞ்சியவர்கள் கற்பனையில் அஞ்சவில்லை.

ஆயினும், அந்த அச்சத்தின் சுமை எல்லார் தோளிலும் சமமாக இறங்கவில்லை. 1963 ஆகஸ்டு 28ஆம் நாள் ஏறத்தாழ 2,50,000 பேர் திரண்ட வாஷிங்டன் பேரணியில் முதன்மைப் பேச்சாளராக ஒரு பெண்ணும் இடம்பெறவில்லை. பேரணியின் தலைவர்களுள் ஒருவரான ஏ. பிலிப் ராண்டால்ஃப், தேசியப் பத்திரிகையாளர் மன்றத்தில் உரையாற்ற இசைந்திருந்தார். அம்மன்றத்தில் பெண் செய்தியாளர்கள் மேல்மாடத்தில் மட்டுமே அமர அனுமதிக்கப்பட்டனர். வழக்கறிஞர் பாலி மரே இதைக் கண்டித்து ராண்டால்ஃபுக்குக் கடிதம் எழுதினார். பேருந்தின் பின்னிருக்கையை எதிர்த்தவர்கள் பெண்களை மேல்மாடத்தில் அமர்த்தும் அவையில் பேசலாமா என்பதே அவர் எழுப்பிய வினாவின் சாரம். அவர் பேரணியைக் குலைக்க எண்ணியவரல்லர். அது தன் கொள்கைக்கு உண்மையாக இருக்கவேண்டும் என்று விரும்பியவர்.

இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே எல்லா பேக்கர் இச்சிக்கலை வேறொரு கோணத்திலிருந்து அணுகியிருந்தார். 1960 ஏப்ரலில் வட கரோலினாவின் ராலி நகரிலுள்ள ஷா பல்கலைக்கழகத்தில் அவர் கூட்டிய மாநாட்டிலிருந்தே வன்முறையற்ற மாணவர் ஒருங்கிணைப்புக் குழு தோன்றியது. மூத்த அமைப்புகளின் கிளையாக மாறிவிடாமல் தனித்து இயங்குமாறு மாணவர்களுக்கு அவர் அறிவுறுத்தினார். ஒரு தலைவரின் புகழை நம்பி நிற்கும் இயக்கம் அத்தலைவரைக் கேள்வி கேட்க இயலாமற் போகும் என்பதை அவர் தம் அனுபவத்தால் உணர்ந்திருந்தார்.

பிராங்ஸ் தெருக்களில்

ஹிப் ஹாப்பின் பிறப்பிடமான நியூயார்க் நகரின் பிராங்ஸ் வட்டாரம் அக்காலத்தில் சிதைந்துகொண்டிருந்தது. ராபர்ட் மோசஸ் திட்டமிட்ட விரைவுச்சாலை குடியிருப்புகளை ஊடறுத்துச் சென்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 1970களில் கட்டடங்கள் அடுத்தடுத்துத் தீக்கிரையாயின. இளைஞர்கள் தெருக் கும்பல்களில் சேர்ந்து பாதுகாப்புத் தேடினர்.

1971 டிசம்பரில், போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் மிகுந்திருந்த கெட்டோ பிரதர்ஸ் கும்பலைச் சேர்ந்த பிளாக் பெஞ்சி என்பவர் இரு தரப்பினரிடையே சமாதானம் பேசச் சென்ற இடத்தில் கொல்லப்பட்டார். பழிக்குப்பழி என்பதே தெருவின் சட்டம். கெட்டோ பிரதர்ஸ் அச்சட்டத்தை ஏற்க மறுத்தனர். சில நாள்களுக்குள் ஹோ அவென்யூவிலுள்ள சிறுவர் மன்றத்தில் பல கும்பல்களின் தலைவர்கள் கூடி அமைதி உடன்பாடு ஒன்றை ஏற்றனர். அது முழுமையான அமைதியைத் தந்துவிடவில்லை. எனினும், ஒரு கும்பலின் இளைஞன் இன்னொரு கும்பலின் எல்லைக்குள் அச்சமின்றி நடக்கும் நிலை ஓரளவேனும் உருவாயிற்று. 1973 ஆகஸ்டு 11ஆம் நாள் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் சிண்டி கேம்பல் ஏற்பாடு செய்த விருந்தில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய அவருடைய தமையன் டி.ஜே. கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார். ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படும் அந்நாளுக்குப் பின்னால், பழிவாங்குவதில்லை என்று சிலர் எடுத்த முடிவும் நிற்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின் இதே பாடம் மீண்டும் தேவைப்பட்டது. 1987 ஆகஸ்டில், பூகி டவுன் புரொடக்ஷன்ஸ் குழுவின் ஸ்காட் லா ராக் தம் நண்பருக்காகச் சமாதானம் பேசச் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தோழர் கே.ஆர்.எஸ்.-ஒன் தலைமையில் கலைஞர்கள் பலர் ஒன்றிணைந்து, ‘வன்முறையை நிறுத்துவோம்’ இயக்கத்தின் பெயரில் 1989 சனவரியில் ‘செல்ஃப் டிஸ்ட்ரக்‌ஷன்’ என்னும் பாடலை வெளியிட்டனர். அதன் வருவாய் தேசிய நகர்ப்புற சங்கத்துக்குச் சென்றது. தம் அரங்குகளில் நிகழும் வன்முறைக்குத் தாமும் பதில் சொல்லவேண்டும் என்று கலைஞர்களே முன்வந்தது இங்குக் குறிப்பிடத்தக்கது. வறுமைக்கும் துப்பாக்கிப் புழக்கத்துக்கும் அரசு பதில் சொல்லவேண்டிய கடமையை இது நீக்கிவிடவில்லை. இரண்டு கடமைகளும் ஒருங்கே நிற்கின்றன.

இருமுனை நிலைப்பாடு

வெளியாரின் கண்டனமும் உள்ளாரின் கேள்வியும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியவர் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா. 1990இல் புளோரிடாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று டூ லைவ் குரூ என்னும் ராப் குழுவின் தொகுப்பை ஆபாசமானது என்று தீர்ப்பளித்தது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. கறுப்பினக் கலைஞர்களை மட்டும் குறிவைத்த வழக்கு என்று ஒரு தரப்பும், பெண்களை இழிவுபடுத்தும் பாடல்கள் என்று மறு தரப்பும் வாதிட்டன. இரண்டும் உண்மையே என்றார் கிரென்ஷா. வழக்கின் இனப்பாகுபாட்டை எதிர்ப்பவர், பாடல்களிலுள்ள பெண் வெறுப்பை நகைச்சுவை என்றோ மரபு என்றோ கூறிக் கடந்துவிட இயலாது. கறுப்பினப் பெண் இரண்டு காயங்களையும் ஒரே உடலில் தாங்குகிறாள். அவளிடம் ஒன்றை மட்டும் பேசு என்பது நீதியாகாது.

இந்நிலைப்பாட்டின் கடுமையான சோதனை 2004இல் அட்லாண்டாவிலுள்ள ஸ்பெல்மன் கல்லூரியில் வந்தது. அது கறுப்பினப் பெண்களுக்கான புகழ்பெற்ற கல்லூரி. இரத்தப் புற்றுநோயால் வாடிய தம் சகோதரிக்காகவும் அவரைப் போன்ற பிறருக்காகவும், ராப் பாடகர் நெல்லியின் அறக்கட்டளை அங்கு எலும்பு மச்சைக் கொடையாளர் பதிவு முகாமை நடத்தத் திட்டமிட்டிருந்தது. அமெரிக்கக் கொடையாளர் பட்டியலில் கறுப்பினத்தவர் எண்ணிக்கை குறைவாதலால் அம்முகாமின் தேவை ஐயத்துக்கிடமற்றது. அதே பாடகரின் ஓர் இசைக் காணொளி பெண்களை விலைப்பொருளாகக் காட்டியிருந்தது. அதுபற்றியும் அவர் தங்களுடன் உரையாடவேண்டும் என்று மாணவியர் கேட்டனர். அறக்கட்டளை முகாமைக் கைவிட்டது. 2005இல் அச்சகோதரி காலமானார். மாணவியரின் செயல்மீது நெல்லி பின்னாளில் தம் மனவருத்தத்தை வெளிப்படுத்தினார்.

இந்நிகழ்வை எளிதாகத் தீர்ப்பிட முடியாது. ஒரு சகோதரனின் துயரம் மெய்யானது. ஆயினும் மாணவியர் வைத்தது உரையாடலுக்கான கோரிக்கையே; உயிர்காக்கும் பணியை அவர்கள் இகழவில்லை. சமுதாய நலன் கருதி இப்பொழுது பேசாதீர்கள் என்பது பாலி மரே காலத்திலிருந்து பெண்களுக்குக் கூறப்பட்டுவந்த மறுமொழி. அதனை ஏற்க மறுத்ததன் பயனாக ஒரு பொது விவாதம் எழுந்தது. 2005இல் ‘எசென்ஸ்’ இதழ் இசையில் பெண்களின் சித்திரிப்பைக் குறித்து ஓர் இயக்கத்தையே நடத்தியது.

மௌனத்தின் விலை

ஒற்றுமையைத் தன் பெயரிலேயே ஏந்திய அமைப்பும் இச்சோதனைக்கு விலக்கன்று. பிளாக் ஸ்பேட்ஸ் கும்பலிலிருந்து வந்த ஆப்பிரிக்கா பம்பாட்டா 1970களில் உருவாக்கிய யூனிவர்சல் ஜூலு நேஷன், சண்டையிட்ட இளைஞர்களை இசையின்பால் திருப்பிய பெருமைக்குரியது. 2016இல் ஆடவர் சிலர், தாம் சிறுவராயிருந்தபோது பம்பாட்டா தம்மிடம் பாலியல் அத்துமீறல் புரிந்ததாகப் பொதுவெளியில் குற்றஞ்சாட்டினர். அவர் அதை மறுத்தார். அமைப்பும் முதலில் குற்றச்சாட்டுகளை நிராகரித்து, அவரது மரபைச் சிதைக்கும் முயற்சியாகவே அவற்றைச் சித்திரித்தது. சில வாரங்களில் நிலை மாறியது. பல கிளைகளின் பொறுப்பாளர்கள் கையொப்பமிட்ட திறந்த மடல் ஒன்று பாதிக்கப்பட்டோரிடம் மன்னிப்புக் கோரியது. அமைப்பினர் சிலர் அறிந்தும் வாய்திறக்கவில்லை என்பதையும் அது ஒப்புக்கொண்டது. குற்றச்சாட்டின் சட்ட முடிவு நம் பொருளன்று. ஒரு பெயரைக் காப்பதா, தம்மிடம் வந்த சிறுவரைக் காப்பதா என்னும் வினாவுக்கு ஓர் அமைப்பு முதலில் அளித்த விடையும் பின்னர் அளித்த விடையுமே நாம் கற்கவேண்டியவை.

பணத்திலும் இதே வினா எழுந்தது. 2013இல் தோன்றிய ‘கறுப்பின உயிர்களும் முக்கியம்’ இயக்கத்துக்கு, ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்ட 2020ஆம் ஆண்டில் நன்கொடைகள் குவிந்தன. அவ்வாண்டில் 9 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை திரண்டதாக அதன் தேசிய அறக்கட்டளை பின்னர் அறிவித்தது. 2020 நவம்பர் இறுதியில் 10 உள்ளூர்க் கிளைகள், நிதிக்கும் முடிவுகளுக்கும் பதில் சொல்லுமாறு பொது அறிக்கை வெளியிட்டன. எதிரிகள் இதைக் கொண்டாடுவர் என்பதை அவர்கள் அறியாதவர்களல்லர். தெருவில் நின்று போராடியவர்கள் தம் உழைப்பின் கணக்கைக் கேட்டனர்.

நாம் பெறும் தெளிவு

மேற்கண்ட நிகழ்வுகளில் கேள்வி கேட்டவர்கள் யாவர் என்று நோக்குவோம்: ஒரு வழக்கறிஞர், கல்லூரி மாணவியர், வளர்ந்துவிட்ட சிறுவர்கள், உள்ளூர்க் கிளையினர். இவர்கள் அனைவரும் வீட்டிற்குள் இருந்தவர்கள். வீடு இடிந்தால் முதலில் நசுங்கக்கூடியவர்கள். அவர்களின் கேள்வியை அடக்கிய இடங்களில் காயம் பல்லாண்டுகள் உள்ளேயே புரையோடியது. செவிசாய்த்த இடங்களில், காலந்தாழ்ந்தேனும், சீரமைக்கும் வாய்ப்புக் கிட்டியது.

இடித்துரைப்பார் இல்லாத மன்னன், கெடுப்பார் இல்லாவிடினும் கெடுவான் என்று வள்ளுவர் உணர்த்தியிருக்கிறார். மன்னர்க்குரைத்த இவ்வறம் மக்கள் இயக்கங்களுக்கும் கலைக்குழுக்களுக்கும், நம் பள்ளிகளிலும் சங்கங்களிலும் நாம் நடத்தும் சிறு குழுக்களுக்கும் பொருந்துவதே. ஹிப் ஹாப்பைப் பற்றி வகுப்பறையில் பேச நேரும் ஆசிரியர், அதனை முற்றாகப் பழித்தோ முற்றாகப் புகழ்ந்தோ கடந்துவிட வேண்டுவதில்லை. அக்கலையை நேசித்தவர்களே அதனிடம் எவற்றைக் கேட்டனர் என்பதை மாணவர்முன் வைத்தால் போதும். தாம் சேர்ந்திருக்கும் அணியிடம் எதைக் கேட்கவேண்டும் என்பதை மாணவர்கள் தாமே எண்ணத் தொடங்குவர்.