கோடு போட்ட கை

‘வீடு குடியிருக்க, கடை வியாபாரத்துக்கு’ என்பது பொதுப்புத்தி. இந்தப் பிரிவினை கட்டமைக்கப்பட்ட ஒன்று என்பதற்கு அமெரிக்க நகரங்களின் மண்டல விதிகளே சாட்சி. 1885இல் கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ நகரம் ஒரு விதி போட்டது: கூலிக்குத் துணி வெளுக்கும் இடங்கள் ரயில் பாதைக்கு மேற்கே, ஜி தெருவுக்குத் தெற்கே மட்டும்தான். அந்த மூலை சீனர் குடியிருப்பு. விதியில் ‘சீனர்’ என்ற சொல்லே கிடையாது. ஆனால் சீனச் சலவைத் தொழிலாளிகள் பலருக்கு வெளுக்கும் இடமே படுக்கும் இடமும். கடையை விரட்டினால் ஆளும் போயாகணும்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்த ஏறக்குறைய 200 சீனருக்கு அனுமதி மறுத்தார்கள், மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். 1886இல் ‘யிக் வோ’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைப் பாரபட்சம் என்றது. அதே ஆண்டு மொடெஸ்டோ விதி செல்லும் என்றது கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம். ஆளைப் பார்த்து மறுத்த கை மாட்டிக்கொண்டது. நிலத்தில் கோடு போட்ட கை தப்பித்தது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

1926இல் யூக்ளிட் வழக்கில் மண்டலப் பிரிப்பையே உச்ச நீதிமன்றம் ஏற்றது. வீட்டிலேயே தொழில் நடத்துபவருக்குப் பெயர்ப்பலகை கூடாது, வேலையாள் கூடாது என்று ‘குடியிருப்பின் அமைதி’யைப் பேசும் விதியைப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: யாருடைய அமைதி, யாருடைய சோறு?