குதிரைக்கு மசாஜ் செய்தால் பாசம் வருமா? பிரஷ்ஷை எங்கே வைக்கணும், எப்போ நிறுத்தணும்?

முகூர்த்த நாள் சாயங்காலம். நெமிலிச்சேரி, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் ஏதோ ஒரு தெருவில் சாரட்டு வண்டியில் மாப்பிள்ளை அழைப்பு என்று வைத்துக்கொள்வோம். பேண்டு வாத்தியம், பட்டாசு, செல்போன் வெளிச்சம், பின்னாடி ஹாரன் அடிக்கிற பைக்குகள். இத்தனைக்கும் நடுவில் ஒரு குதிரை மிரளாமல் நிற்க வேண்டும். மிரண்டால் முதலில் அடிபடுவது கடிவாளத்தைப் பிடித்திருப்பவர்தான்.

சவுக்கைக் காட்டியும் குதிரையை நிற்க வைக்கலாம். ஆனால், பக்கத்தில் நிற்கும் ஆளை நம்பி நிற்கிற குதிரையே வேறு. அந்த நம்பிக்கையை வளர்க்கும் வழிகளில் ஒன்றாகச் சொல்லப்படுவது, கையடக்கக் கருவியால் குதிரையின் உடம்பைத் தேய்த்து மசாஜ் செய்வது. இது உண்மையிலேயே பலன் தருமா? எப்படிச் செய்வது? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

குதிரைகளே செய்யும் மசாஜ்

இந்தப் பழக்கத்தை மனிதன் கண்டுபிடிக்கவில்லை. கூட்டமாக வாழும் குதிரைகளில் இரண்டு எதிரெதிராக நின்று, ஒன்றின் கழுத்தையும் முதுகையும் மற்றொன்று பல்லால் மெல்லச் சொறிந்துவிடும். எல்லாக் குதிரையோடும் அப்படிச் செய்யாது. தனக்குப் பிடித்த கூட்டாளியோடுதான் அதிகம் செய்யும்.

குதிரையின் தோலும் அந்த அளவுக்கு நுட்பமானது. ஒரு ஈ உட்கார்ந்தால்கூட உணர்ந்து, அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டிவிடும். அதனால் மனிதன் பிரஷ்ஷோடு பக்கத்தில் போகும்போது, கூட்டாளி வருகிறானா, தொல்லை வருகிறதா என்பதைக் குதிரை தோலாலேயே முடிவு செய்துவிடுகிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

குதிரைகள் ஒன்றையொன்று அதிகம் சொறிந்துவிடும் இடம், கழுத்தும் முதுகும் சேருகிற மேட்டுப் பகுதி. பிரான்சின் கமார்க் இனக் குதிரைகளை வைத்து கிளாடியா ஃபே என்ற ஆய்வாளரும் அவரது சகாவும் செய்த ஆய்வு 1993-ல் வெளியானது. அந்த மேட்டுப் பகுதியைச் சொறிந்துவிட்டபோது குதிரையின் இதயத் துடிப்பு குறைந்தது. வேறு இடத்தைச் சொறிந்தபோது அந்த விளைவு தெரியவில்லை. அதாவது தேய்ப்பது மட்டும் போதாது, இடமும் முக்கியம்.

அடுத்து 2018-ல், அதே பிரான்சில் லியா லான்சாட் குழுவினரின் ஆய்வு. சில குதிரைகளுக்கு, அவை காட்டும் விருப்பு வெறுப்பைப் பார்த்து, அதற்கேற்ப மென்மையாகத் தேய்த்தார்கள். மற்ற குதிரைகளுக்கு, அவை என்ன உணர்கின்றன என்று பார்க்காமல் வழக்கமான முறையில் தேய்த்தார்கள். முதல் வகைக் குதிரைகளின் கண்கள் பாதி மூடின, மேல் உதடு முன்னே நீண்டது. இரண்டாம் வகைக் குதிரைகள் கழுத்தை உயரத் தூக்கி, கண்ணை அகல விரித்தன.

இரண்டு பக்கமும் நடந்தது பிரஷ் போடும் வேலைதான். வித்தியாசம், குதிரையின் பதிலை ஒருவர் கவனித்தாரா இல்லையா என்பதில்தான்.

என்ன கருவி வேணும்?

* ரப்பர் பிரஷ்: உள்ளங்கையில் அடங்கும், வட்டமான, மொட்டையான பற்கள் கொண்டது. மசாஜுக்கு ஏற்றது. தசைப்பிடிப்பான இடங்களில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்கலாம். ஒட்டிய மண்ணும் உதிர்ந்த முடியும் மேலே வரும்.
* முரட்டு நார் பிரஷ்: மேலே வந்த தூசியைத் தட்டி எடுக்க.
* மென்மையான பிரஷ்: கடைசியாக முடியின் போக்கிலேயே தடவ. முகத்துக்கு இது மட்டும்தான்.
* அதிர்வு மசாஜர்: பேட்டரியில் ஓடும் கருவி. ஆரம்பத்திலேயே இதைத் தொடக் கூடாது. சத்தமே குதிரையை மிரட்டிவிடும். பழக்கும்போது தள்ளி நின்று ஆன் செய்து, சத்தம் பழகிய பிறகே, குறைந்த வேகத்தில், தசையின் மேல் மட்டும் வைக்க வேண்டும். கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

குதிரைப் படைகளிலும் லாயங்களிலும் இந்தத் தேய்ப்பு வேலையை 'மாலிஷ்' என்றும் சொல்வார்கள்.

எப்படிச் செய்யணும்?

1. நேர் முன்னாலும் நேர் பின்னாலும் போகக் கூடாது. அந்த இரண்டு இடமும் குதிரைக்குச் சரியாகத் தெரியாது. குரல் கொடுத்தபடி, தோள் பக்கமாகப் போங்கள்.

2. கருவியை முகர்ந்து பார்க்க விடுங்கள். அவசரம் வேண்டாம்.

3. முதலில் வெறும் கை. தோளில் வைத்து, மெல்ல அந்த மேட்டுப் பகுதிக்கு நகர்த்துங்கள். அதன் பிறகே பிரஷ்.

4. ஒரு கை எப்போதும் குதிரை மேலேயே இருக்கட்டும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது அதற்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

5. சில விநாடி தேய்த்துவிட்டு நிறுத்துங்கள். இதுதான் முக்கியம். குதிரை உங்கள் பக்கம் சாய்ந்தால் தொடரலாம். நகர்ந்து போனால் விட்டுவிட வேண்டும். விலகிப் போக வழியில்லாதபடி இறுக்கிக் கட்டி வைத்துத் தேய்த்தால், அது பொறுத்துக்கொள்கிறதா, விரும்புகிறதா என்று கண்டுபிடிக்க முடியாது.

பிடிச்சிருக்கா, இல்லையா?

பிடித்திருந்தால்: தலை தாழும், கண் பாதி மூடும், மேல் உதடு நீண்டு துடிக்கும். சில குதிரைகள் திரும்பி உங்கள் தோளையே சொறிந்துவிட வரும். அது பாசம்தான், ஆனால் பல் பட்டால் வலிக்கும். அடிக்காமல், அதன் முகத்தை மெதுவாக அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் போதும்.

பிடிக்கவில்லை என்றால்: காது பின்னால் மடங்கும், வால் வெடுக்கென்று வீசும், உடம்பு இறுகும், பின்னங்கால் தூக்கும். உடனே நிறுத்த வேண்டும். "இன்னும் கொஞ்சம் பழகினா சரியாயிடும்" என்று தொடர்ந்தால், அடுத்து வருவது உதை.

இங்கெல்லாம் கருவி வைக்கக் கூடாது

முதுகெலும்பின் மேல், முழங்காலுக்குக் கீழே தசையில்லாத பகுதி, புண், வீக்கம், சூடாக இருக்கும் இடம். வழக்கமாக ரசித்த இடத்தில் திடீரென்று சிணுங்கினால், அங்கே வலி இருக்கலாம். சேணம் உரசிய புண், உண்ணி, வீக்கம் எல்லாம் தினமும் பிரஷ் போடுபவர் கண்ணில்தான் முதலில் படும்.

ஒரு குதிரையின் பிரஷ்ஷை இன்னொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள். படர்தாமரை போன்ற தோல் நோய்கள் பிரஷ் வழியே பரவும். மனிதருக்கும் தொற்றும். மழைக்காலத்தில் ஈரத்தோடு நிற்கும் குதிரைகளுக்குத் தோல் பிரச்சினை கூடுதலாக வரும்.

மசாஜ் வைத்தியம் ஆகுமா?

ஆகாது. நொண்டுதல், தீனி எடுக்காமல் இருத்தல், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தல், தரையில் விழுந்து புரளுதல் தெரிந்தால் பிரஷ்ஷை வைத்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான கட்டணமில்லா எண் 1962. சென்னையில் வேப்பேரியில் 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

பாண்டிய நாடு பட்ட பாடு

குதிரையை வாங்குவது சுலபம், வைத்துக்கொள்வதுதான் கஷ்டம் என்பது தமிழ்நாட்டுக்குப் புதுப் பாடம் இல்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய வெனிஸ் பயணி மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கடல் கடந்து வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் அவற்றில் 100 கூட மிஞ்சுவதில்லை என்றும் குறிப்பிடுகிறார். பராமரிக்கத் தெரியாததே காரணம் என்பது அவர் கணிப்பு. மீண்டும் மீண்டும் விற்க வேண்டும் என்பதற்காக, குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் இங்கே வரவிடவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அவர் கணக்கில் மிகை இருக்கலாம். ஆனால் கவனிக்க ஆள் இல்லாத குதிரை நிலைக்காது என்பதில் மிகை இல்லை.

இன்றைக்கு இந்தியாவில் குதிரைகளே குறைந்துவருகின்றன. கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2012-ல் சுமார் 6.3 லட்சமாக இருந்த குதிரைகள், மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை 2019-ல் சுமார் 3.4 லட்சமாகச் சரிந்தது. மிச்சம் இருப்பவற்றில் பல, சவாரிக்கும் ஊர்வலத்துக்கும் பிழைப்புக்காக நிற்பவை. வாயைக் கிழிக்கும் முள் கடிவாளத்துக்கு 1965-ஆம் ஆண்டின் இழுவை மற்றும் பொதி விலங்குகள் விதிகளிலேயே தடை இருக்கிறது. வலியால் அடக்கியது போதும் என்று சட்டம் சொல்லி 60 வருஷம் ஆகிவிட்டது.

சரி, பாசம் வருமா?

தேய்த்த அன்றைக்கே வராது. ரப்பர் பிரஷ்ஷோ விலை உயர்ந்த மசாஜரோ தனியாக எதையும் சாதித்துவிடாது. காது மடங்கியதும் கையை எடுத்தால், "இந்த ஆள் நான் சொல்றதைக் கேட்கிறார்" என்பது குதிரைக்குப் பதிகிறது. தினமும் காலையில் பத்து நிமிஷம் அப்படிக் கழிந்தால், பட்டாசு வெடிக்கிற தெருவிலும் அது திரும்பிப் பார்ப்பது அந்த ஆளைத்தான்.