கடல் கடந்த குரலும் கடையோரப் பேச்சும்

முத்துக்குளித்துறையின் வரலாற்றைக் கூறும்போது கொற்கையையும் போர்த்துக்கீசியரையும் நாம் மறப்பதில்லை. தேநீர்க் கடைப் பேச்சை மறந்துவிடுகிறோம்.

1952-ஆம் ஆண்டு ஒலிபரப்புத்துறை அமைச்சரான கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகின. பாடலை விரும்பியோர் இலங்கை வானொலியை நாடினர். 1957-இல் விவித் பாரதி தோன்றிய பின்னரும் எங்கள் தூத்துக்குடியில் அப்பழக்கம் நீங்கவில்லை. கொழும்பின் குரல் கடல் கடந்து தெளிவாகக் கேட்டது.

எழுபதுகளின் இறுதியில் மாலைதோறும் துறைமுகத்தை அடுத்த கடையொன்றில் நேயர்கள் கூடுவர். அப்துல் ஹமீதின் அறிவிப்பில் தொடங்கும் பேச்சு, ஒருவர் வளர்த்த நாயின் குறும்புக்கும், மறுநாள் வீசப்போகும் காற்றுக்கும், நாட்டு நடப்புக்கும் தாவும். ஆசிரியப் பயிற்சி மாணவனாயிருந்த நான் அதனை வீண்பேச்சென்று இகழ்ந்தேன்.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழருக்கெதிரான கலவரம் மூண்டது. செய்தி வந்த மாலை, பாட்டைப் பற்றி எவரும் பேசவில்லை. "நம் அறிவிப்பாளர்கள் நலமாயிருப்பார்களா?" என்றே ஒவ்வொருவரும் கேட்டனர். முகம் அறியாதோரை உறவினராக்கியது அந்த வீண்பேச்சே என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

உங்கள் ஊர் முதியோர் எவற்றைக் கேட்டு மகிழ்ந்தனர், எவற்றைப் பேசிக் கலைந்தனர் என்று வினவி எழுதிவையுங்கள். அதுவும் வரலாறே.