வெட்டினால் மறுபடி முளைக்கும் தழும்பு

ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்டில் அணுகுண்டில் வெந்துபோனவர்களுக்குப் புண் ஆறிய பிறகுதான் அடுத்த துன்பம் தொடங்கியது. ஆறிய தோல் சில மாதங்களில் சிவந்து, அரிப்பெடுத்து, தடித்து மேடிட்டது. 1946, 47-இல் அது உச்சத்தில் இருந்தது. அங்கிருந்த மருத்துவர்கள் வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். பலருக்கு மறுபடி முளைத்தது. 1955-இல் அவர்களில் 25 இளம்பெண்கள் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனைக்குப் போனார்கள். இறுகிய கழுத்தையும் விரல்களையும் அங்கே அறுவை மருத்துவர் ஆர்தர் பார்ஸ்கியின் குழு பல அறுவைகளில் விடுவித்தது. அதற்குள் பத்தாண்டு கடந்து தழும்புகள் பெரும்பாலும் அடங்கியிருந்தன. பிளாஸ்டிக் சர்ஜனான எனக்கு, தழும்பு அடங்கிய பிறகு கத்தி வைத்த இந்தக் காலக்கணக்குதான் முக்கியமாகப் படுகிறது.

கீலாய்டு என்னும் இப்படித் தடிக்கும் தழும்பு காயத்தின் எல்லைக்குள் நிற்காது, பக்கத்து நல்ல தோலிலும் பரவும். அதை வெட்டுவதும் ஒரு காயம்தானே? வெறும் அறுவைக்குப் பின் பாதிப்பேருக்காவது திரும்பி வருவதாகப் பழைய ஆய்வுகளே சொல்கின்றன. அப்படியும், "எடுத்தாச்சு டாக்டர், முன்னைவிடப் பெருசா வந்துடுச்சு" என்று காதைக் காட்டுகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லையே என்று மனம் பதறுகிறது.

கத்திக்குத் துணை தேடும் முயற்சி பழையது. பாரிஸில் 1906-லேயே கீலாய்டுக்கு எக்ஸ்ரே கொடுத்தார்கள். 1960-களில் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி வந்தது. பால்போன்ற மருந்து, குலுக்காமல் ஏற்றினால் அடியில் தங்கிவிடும். கெட்டித் தழும்புக்குள் அது சுலபத்தில் இறங்காது. கட்டைவிரல் நோக அழுத்த வேண்டும், திருகிப் பூட்டும் சிரிஞ்சு இல்லையென்றால் ஊசி தெறித்துவிடும். மேடு வெளுத்தால் மருந்து சரியான இடத்தில் இறங்கியிருக்கிறது. நோயாளிக்கு நன்றாக வலிக்கும்; அதை நான் மறைப்பதில்லை. 1980-களில் தழும்பின்மேல் ஒட்டும் சிலிக்கோன் பட்டை சேர்ந்தது.

இப்போது காதுமடலில் வந்த கீலாய்டை எடுத்து, இழுவிசை இல்லாமல் தைத்து, மாதம் ஒருமுறை ஊசி போடுகிறோம். மடலை அழுத்திப் பிடிக்கும் கம்மலும் உண்டு. அடங்காதவற்றுக்கு அறுவை முடிந்து ஒரு நாளுக்குள் கதிர்வீச்சு தொடங்கும். குழந்தைகளுக்கு அதைத் தவிர்ப்போம். ஊசித் தேதிகளை அறுவைக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுவேன். அவற்றுக்கு வர முடியாதவருக்குக் கத்தி வைப்பதில்லை.